இல்லை என்று எழுதாத நாட்கள்

மந்தாரக்குப்பம், நெய்வேலி
2.9.2025

அன்புள்ள பேத்தி தமிழ்நிலாவுக்கு ஆயா வள்ளியம்மாள் எழுதுவது.

முதலில் நல்ல சேதிகள். உன் அத்தை மகள் எழில்மதி நர்சிங் மூன்றாம் வருஷமும் ஒரே மூச்சில் பாஸ் செய்துவிட்டாள். அவள் தம்பி சிலம்பரசனுக்கு அப்ரண்டிஸ் ஆர்டர் வந்துவிட்டது. புது ஷூவைப் போட்டுக்கொண்டு வீட்டுக்குள்ளேயே நடக்கிறான். கடைக்குட்டி அபி நூறு மீட்டர் ஓட்டத்தில் இரண்டாவதாக வந்தாள். முதலில் வந்தவள் அவளைவிட ஒரு முழம் உயரமாம், அதையும் பார்க்க வேண்டும் இல்லையா. எல்லோருக்கும் மேலே நீ. கோயம்புத்தூர் ஹெட் ஆபீசில் நீ ஷீல்டு வாங்குகிற படத்தைப் பெரிதாக்கி, ஃப்ரேம் போட்டு, டிவிக்கு மேலே மாட்டியிருக்கிறேன். கேஸ் சிலிண்டர் கொண்டு வருகிறவர்கூட நின்று பார்த்துவிட்டுத்தான் போகிறார். ஊரான் வயலில் நாற்று நட்ட வீட்டில் இப்படி ஒரு படம்.

இனி விஷயம். நேற்று ஜெயகணேஷ் வந்தான். நான் வேலையிலிருந்து நின்ற பிறகு நம் கம்பெனியின் நெய்வேலி ஸ்டோரை அவன்தானே பார்க்கிறான். கையில் ஒரு பேப்பர்.

"ஆயா, நம்மகிட்ட ஒம்போது பம்பு சீல் இருக்குல்ல, அதுல ஏழ கடலூர் ஸ்டோருக்கு அனுப்பச் சொல்லி ஆர்டர் வந்துருக்குங்க. கீழ யாரு பேருன்னு பாருங்க" என்றான்.

பார்த்தேன். உன் பேர்.

பம்ப் சீல் எப்படி இருக்கும் என்று நீ படத்தில்தான் பார்த்திருப்பாய். உள்ளங்கை அகல வளையம். எண்ணெய்த் தாள் சுற்றி மரப்பெட்டியில் தூங்கும். அது வெடித்தால் தண்ணீர் மோட்டார் மேலேயே பீச்சும், கொஞ்ச நேரத்தில் பம்ப் நின்றுவிடும். உன் அப்பா மதிவாணன் நிற்பது சுரங்கத்தின் அடியில், நாலாம் நம்பர் பம்புக்குப் பக்கத்தில். ஐப்பசி வந்தால் மேலே பெய்கிற மழை எல்லாம் அவன் காலடிக்குத்தான் இறங்கும். இது உனக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

அந்த ஒன்பதைத் தொடாதே. போனில் நீயும் நானும் மூன்று நிமிஷம் பேசினால் நாலாவது நிமிஷம் சண்டை. அதனால் எழுதுகிறேன்.

வள்ளியம்மாள்

கோயம்புத்தூர்
9.9.2025

ஆயா,

கடிதம் கிடைத்தது. நீ சண்டை என்று சொல்வதை நான் சண்டையாக நினைக்கவில்லை. காரணம் சொல்லாமல் உத்தரவு போட்டால் யாருக்கும் கோபம் வரும்.

நான் என்ன செய்தேன் என்று உனக்குப் புரியும்படி சொல்கிறேன். நம் கம்பெனிக்கு அந்தப் பக்கம் ஐந்து ஸ்டோர். நெய்வேலியில் ஒன்பது சீல். குறிஞ்சிப்பாடி, திருவதிகை, மேல்பட்டாம்பாக்கம் மூன்றிலும் ஒவ்வொன்று. கடலூரில் நாலு. எங்கே எத்தனை வைத்தால், எங்கும் தட்டுப்பாடு வராமல், எங்கும் வீணாக முடங்காமலும் இருக்கும் என்று கணக்குப் போடுவதுதான் என் வேலை. ஐந்து பேர் தனித்தனியாகப் பயந்து பதுக்குவதைவிட நடுவில் ஒரே இடத்தில் வைத்தால் குறைவாகவே போதும். கடலூரிலிருந்து இரண்டு நாளில் எந்த ஸ்டோருக்கும் வண்டி போய்விடும்.

மூன்று வருஷ டேட்டாவைப் பார்த்தேன். உங்கள் ஒன்பது எப்போதும் ஒன்பதாகவே இருக்கிறது. அங்கே தேவைப்பட்டால் உடனே புதிது வாங்கி நிரப்பிவிடுகிறார்கள். மற்ற மூன்று ஸ்டோரிலும் ஒன்றே ஒன்று வைத்துக்கொண்டு, மூன்று வருஷத்தில் ஒரு நாள்கூட 'இல்லை' என்று பதிவாகவில்லை. ஒன்றை வைத்து அவர்கள் சமாளிக்கும்போது நெய்வேலிக்கு எதற்கு ஒன்பது?

இது என் முதல் பிளான். டிசம்பரில் என்னை பெர்மனென்ட் செய்வதும் இதை வைத்துத்தான். நீ பெருக்கின ஸ்டோர் என்பதற்காக அதை மட்டும் விட்டுவிட முடியாது. காரணம் இருந்தால் எழுது, மாற்றுகிறேன்.

தமிழ்நிலா

மந்தாரக்குப்பம்
16.9.2025

தமிழ்நிலாவுக்கு,

பெருக்கினேன். ஆமாம். இருபத்தெட்டு வருஷம் பெருக்கினேன். பெருக்கின கைதான் ஒவ்வொரு பெட்டியையும் தூக்கித் துடைத்துத் திரும்ப வைத்தது. ஸ்டோர் கீப்பர் என்று வந்தவர்கள் ஏழு பேர். சாமான் எங்கே என்று அந்த ஏழு பேரும் கேட்டது என்னைத்தான். ஐந்தாம் வகுப்பு படித்தவள், எழுதினால் கை வலிக்கும், ஆனால் நீ எழுதின அந்த ஒரு வார்த்தையைப் படித்தபோது கை வலிக்கவில்லை.

காரணம் கேட்கிறாய். சொல்லலாம். சொன்னால் நாலு பேர் வேலை ஆட்டம் காணும். அதில் ஒருத்திக்கு ரிட்டயர் ஆக இன்னும் ஒரு வருஷம்தான். அவர்களை மாட்டிவிட்டு உனக்குக் காரணம் தரவா? நான் சொல்கிறேன் என்று நம்பக் கூடாதா?

போன வாரம் உன் அப்பாவை நைட் ஷிப்டிலிருந்து பகல் ஷிப்டுக்கு மாற்றிவிட்டார்கள். ஆனால் அதே நாலாம் நம்பர்தான். "அந்த மோட்டாரு சத்தமே சரியில்லம்மா, தொண்ட கட்னவன் மாதிரி இருமிக்கினே இருக்கு" என்றான். உன்னிடம் சொல்ல வேண்டாம் என்றான். சொல்லிவிட்டேன்.

வள்ளியம்மாள்

கோயம்புத்தூர்
24.9.2025

ஆயா,

உன்னிடம் ஒன்று சொல்கிறேன். ஜெயகணேஷ் அண்ணன் இரண்டு முறை "வண்டி வரவில்லை" என்று பதில் போட்டார். வண்டி ஸ்டோர் வாசலில் நிற்கிற படத்தை டிரைவர் எனக்கு அனுப்பியிருக்கிறார். படத்தின் ஓரத்தில், கேட்டுக்கு வெளியே, குடை பிடித்துக்கொண்டு நீ நிற்கிறாய்.

என் மேலதிகாரி அந்தப் படத்தை மீட்டிங்கில் எல்லோர் முன்னாலும் திரையில் போட்டார். "யாரு இந்த அம்மா, செக்யூரிட்டியா?" என்று கேட்டார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். என் ஆயா என்று சொல்லவில்லை.

ஏழு சீலும் நேற்று கடலூர் போய்விட்டன. இனி இதைப் பற்றி எழுதாதே.

தமிழ்நிலா

மந்தாரக்குப்பம்
4.10.2025

தமிழு,

எழுதாதே என்றாய். எழுதுகிறேன். இதை மட்டும் படி.

அந்த ஒன்பது ஒருநாளும் தூங்கியதில்லை.

நான் சேர்ந்த இரண்டாம் வருஷம், மழைக்காலம். குறிஞ்சிப்பாடி ஸ்டோரிலிருந்து செந்தாமரை டவுன் பஸ் பிடித்து வந்தாள். அப்போது அவள் சின்னப் பெண், வேலைக்குச் சேர்ந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. "அக்கா, எங்கூர்ல ரெண்டு நாளா குடிதண்ணி இல்ல. பம்பு சீலு போயிடுச்சு. எங்க ஸ்டோர்ல இல்லன்னு எழுதுனா என்னத்தான் புடிப்பாங்க. ஒண்ணு கைமாத்தா குடுங்க, எங்களுக்கு வந்ததும் குடுத்துடுறேன்" என்று அழுதாள். சீட்டுப் போடாமல் சாமானை வெளியே விட்டால் வேலை போகும் என்று சுவரில் எழுதியிருந்தது. மஞ்சள் பையில் போட்டுக் கொடுத்துவிட்டேன். பதினோராம் நாள் புது சீலையும் ஒரு முறம் வேர்க்கடலையும் கொண்டுவந்து கொடுத்தாள்.

அதிலிருந்து வழக்கமாகிவிட்டது. திருவதிகைக்காரர்கள் வந்தார்கள், மேல்பட்டாம்பாக்கத்துக்காரர்கள் வந்தார்கள். எல்லோருக்கும் நெய்வேலி ஒரு மணி நேர பஸ். எடுத்துப் போவார்கள், பம்பை ஓட்டிவிடுவார்கள், அவர்களுக்குப் புதிது வந்த பிறகு அவர்கள் கணக்கில் எழுதிக்கொண்டு என்னுடையதைத் திருப்பிவிடுவார்கள். எண்ணிப் பார்க்க ஆபீசர் வரும் நாளில் ஒன்பது இருக்கும். இப்போது ஜெயகணேஷும் அப்படித்தான் செய்கிறான். உன் கம்ப்யூட்டரில் 'இல்லை' என்ற நாளே இல்லை என்றாயே, அந்த நாட்கள் எல்லாம் எங்களிடம் இருக்கின்றன. அவர்கள் ஒன்றை வைத்துச் சமாளிக்கவில்லை. நாலு ஸ்டோருக்கும் சேர்த்துத்தான் அந்த ஒன்பது.

ஏன் முதலிலேயே சொல்லவில்லை என்றால், ரிட்டயர் ஆக ஒரு வருஷம் இருக்கிற ஒருத்திக்காக என்று போன கடிதத்தில் எழுதினேன், அவள்தான் இந்தச் செந்தாமரை. அந்தக் காரணம் பாதிதான். மீதி, என் கர்வம். வள்ளியம்மா இருக்கிற ஸ்டோரில் 'இல்லை' என்ற வார்த்தையே கிடையாது என்று ஒரு பேர் வாங்கியிருந்தேன். அதைக் காட்டிக்கொடுக்க மனசு வரவில்லை.

ஏழில் ஐந்தையாவது திருப்பி அனுப்பு. மழை இன்னும் இரண்டு வாரத்தில். படித்ததும் ஒரு போன் செய். திட்டினாலும் பரவாயில்லை.

ஆயா

கோயம்புத்தூர்
25.10.2025

ஆயா,

உன் நாலாம் தேதிக் கடிதத்தை நேற்றுதான் பிரித்தேன். பஸ் விருத்தாசலம் தாண்டும்போது.

பதினைந்து நாளாகக் கைப்பையில் இருந்தது. உன் கையெழுத்தைப் பார்த்ததும் மறுபடியும் திட்டு என்று நினைத்து உள்ளே போட்டவள்தான். அப்பாவுக்கு அடி என்று அம்மா போன் செய்த அன்றும் பையிலேயே இருந்தது. ஆஸ்பத்திரியில் நாலு நாள் நீயும் நானும் எதிரெதிர் பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். பை என் மடியில். நீ என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. கடிதம் வந்ததா என்றுகூடக் கேட்கவில்லை. படித்தும் சும்மா இருந்தவள் என்று என்னை நினைத்துக்கொண்டு எப்படி ஆயா அங்கே உட்கார்ந்திருந்தாய்?

ஜெயகணேஷ் அண்ணனிடம் கேட்டேன். முதலில் சொல்லத் தயங்கினார். பிறகு சொன்னார். பத்தொன்பதாம் தேதி மழையில் ஒரு சீல் இரண்டாம் நம்பர் பம்புக்குப் போய்விட்டது. மறுநாள் காலை குறிஞ்சிப்பாடியிலிருந்து செந்தாமரையம்மா வந்து நின்றிருக்கிறார். மிச்சம் இருந்தது ஒன்றே ஒன்று. "வந்து நின்னாங்க, குடுத்துட்டேன் தங்கச்சி. இல்லன்னு சொல்ல எனக்கு வாய் வரலை. எண்ணிப் பாக்கவே இல்ல, பழக்கத்துல கை போய்டுச்சு" என்றார். அன்று மத்தியானம் நாலாம் நம்பர் வெடித்தது. கடலூரில் என் ஏழு சீலும் பத்திரமாக இருந்தன. ரோட்டில் தண்ணீர், வண்டி கிளம்பவில்லை. இரண்டு நாள் என்று நான்தானே எழுதினேன், அது மழை பெய்யாத நாட்களின் கணக்கு.

அப்பா பழைய முறையில், சீல் இருந்த இடத்தில் கயிற்றைத் திணித்துத் தண்ணீரை நிறுத்தப் பார்த்திருக்கிறார், இடுப்பளவு தண்ணீரில். ஓடுகிற பம்பில் கையை வைத்திருக்கிறார். அவரை யாரும் கையை வைக்கச் சொல்லவில்லையாம். கீழே இன்னும் ஆறு பேர் இருந்தார்களாம், பம்பை நிறுத்தினால் தண்ணீர் அவர்களை மூடிவிடுமாம்.

என்னால் இதற்கு மேல் எழுத முடியவில்லை. ஒன்று மட்டும் கேட்கிறேன். யார், எப்போது, எத்தனை கைமாற்று வாங்கினார்கள் என்று உனக்கு ஞாபகம் இருக்கிறதா? எவ்வளவு ஞாபகம் இருக்கிறதோ அவ்வளவும் வேண்டும்.

தமிழு

மந்தாரக்குப்பம்
1.11.2025

தமிழு,

நீ படிக்கவில்லை என்று தெரிந்ததும் எனக்கு மூச்சு வந்தது. படித்துவிட்டுத்தான் அனுப்பாமல் இருந்தாய் என்று பத்து நாளாக நினைத்துக்கொண்டிருந்தேன். அப்படி நினைத்ததற்கு நான்தான் வெட்கப்பட வேண்டும்.

உன் அப்பா வீட்டுக்கு வந்துவிட்டான். இடது கையில் கடைசி இரண்டு விரல் போனது போனதுதான். கட்டுப் பிரிக்க வந்த நர்சு கேட்டாள், எப்படி ஆச்சு என்று. "பத்து வெச்சிருந்தேன் சிஸ்டர். ரெண்டு எக்ஸ்ட்ரா ஸ்டாக்குன்னு எம் பொண்ணு எடுத்துக்கினா" என்றான். தொடையில் ஓங்கி ஒன்று வைத்தேன். அவன் சிரித்தான். உன் அம்மா எழுந்து உள்ளே போய்விட்டாள். இதை உனக்கு எழுதலாமா என்று இரண்டு நாள் யோசித்தேன். இனி உன்னிடம் எதையும் மறைப்பதில்லை என்று எழுதிவிட்டேன்.

ஞாபகம் எதற்கு? எழுதியே இருக்கிறது. சீல் வைக்கிற இரும்பு ரேக்குக்குப் பின்னால், சுவரில், சாக்பீசால். ஒவ்வொரு கைமாற்றுக்கும் ஒரு கோடு, பக்கத்தில் ஊரின் முதல் எழுத்து, மேலே மாதத்தின் பேர். திரும்பி வந்தால் கோட்டின் மேல் குறுக்கே ஒன்று. நான் நின்ற பிறகு ஜெயகணேஷ் ஓரமாக நின்று கைக்கு எட்டிய இடத்தில் போடுகிறான். யாரும் அழித்ததில்லை, யாராலும் உள்ளே போகவும் முடியாது. சுவருக்கும் ரேக்குக்கும் நடுவே ஒரு சாண் இடம். ஜெயகணேஷுக்கு வயிறு தடுக்கிறது. நான்தான் பக்கவாட்டில் நுழைந்தேன். பல்லில் டார்ச்சு, கையில் அபியின் நோட்டு. எழுபத்தொரு வயசில் ஒட்டடையோடு வெளியே வந்தபோது, "ஆயா, உங்களையும் ஸ்டாக்குல ஏத்திடவா?" என்று கேட்கிறான்.

கடைசி ஒன்பது வருஷம் தெளிவாக இருக்கிறது. அதற்கு முன்னால் சுவர் ஈரத்தில் உரிந்துவிட்டது. நோட்டுத் தாளை அப்படியே வைத்திருக்கிறேன். 'கு' என்றால் குறிஞ்சிப்பாடி, 'தி' திருவதிகை, 'மே' தெரியும்தானே. மாதம் எல்லாம் நம் மாதம்தான், சித்திரை, வைகாசி என்று. உங்கள் கணக்குக்கு நீதான் மாற்றிக்கொள்ள வேண்டும்.

செந்தாமரையிடம் போய்ச் சொல்லிவிட்டேன், இது ஆபீசுக்குப் போகிறது என்று. அடுப்பில் பாலை வைத்தாள். அப்புறம், "முப்பது வருஷமா நீங்க குடுத்ததாலதான அக்கா நான் வேலைல இருக்கேன். இப்ப நீங்களே எடுக்கறீங்க" என்றாள். காபி கொடுத்தாள். குடித்துவிட்டு வந்தேன். இறங்கவில்லை.

ஆயா

கோயம்புத்தூர்
20.11.2025

ஆயா,

உன் கோடுகள் மொத்தம் நூற்று நாற்பத்திரண்டு. மாதங்களை மாற்றி உள்ளே ஏற்ற மூன்று நாள் ஆனது. ஏற்றி முடித்ததும் என் பிளான் முழுக்கச் சரிந்துவிட்டது. நான் இல்லவே இல்லை என்று நினைத்த தட்டுப்பாடு அத்தனையும் ஐப்பசியிலும் கார்த்திகையிலும் வரிசையாக நிற்கிறது. நாலு ஸ்டோரும் ஒரே வாரத்தில் கேட்கிறார்கள்.

நடுவில் ஒரே இடம் என்று நான் சொன்னது தப்பில்லை. அந்த இடம் கடலூர் இல்லை, அவ்வளவுதான். மழை வந்தால் கடலூர் ரோட்டில் தண்ணீர் நிற்கும், நெய்வேலிக்கு டவுன் பஸ் எப்படியாவது வரும். அதை நீங்கள் எல்லோரும் முப்பது வருஷத்துக்கு முன்னாலேயே கண்டுபிடித்திருக்கிறீர்கள்.

இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். உன் ஒன்பதும் சரியில்லை ஆயா. தையிலிருந்து ஆவணி வரை ஐந்து போதும். புரட்டாசியிலிருந்து மார்கழி வரை பதினொன்று வேண்டும். உன் சுவரிலேயே இரண்டு ஐப்பசியில் ஒன்பதும் வெளியே போயிருக்கின்றன. அந்த நாட்களில் நாலாம் நம்பர் வெடிக்காதது அதிர்ஷ்டம்.

எல்லாவற்றையும் மேலே சொல்லிவிட்டேன். படத்தில் குடையோடு நின்றது என் ஆயா என்பதையும் சொன்னேன். யாரும் சிரிக்கவில்லை. ஸ்டோர் ஆட்கள் நாலு பேருக்கும் மெமோ வரும், வேலை போகாது. இனிமேல் கைமாற்றுக்கும் சீட்டு உண்டு, அதற்கென்றே ஒரு ஃபாரம் போட்டிருக்கிறோம். செந்தாமரையம்மாவிடம் நீயே சொல். எனக்கு பெர்மனென்ட் ஆறு மாதம் தள்ளிப்போகிறது. நியாயம்தான்.

ஹெட் ஆபீசில் ஷீல்டைத் திருப்பிக் கொடுத்தேன். வாங்கிக்கொள்ளவில்லை, மேசைக்கு அடியில் வைத்திருக்கிறேன். டிவிக்கு மேலே இருக்கிற படத்தை எடுத்துவிடு. அப்பா அதைப் பார்த்துக்கொண்டு சாப்பிடுவார் என்று நினைத்தால் எனக்கு இங்கே சோறு இறங்கவில்லை. பொங்கலுக்கு வருவேனா என்று கேட்காதே. கட்டுப் பிரித்த அப்பாவின் கையைப் பார்க்க எனக்கு இன்னும் தைரியம் வரவில்லை.

தமிழு

மந்தாரக்குப்பம்
28.11.2025

அன்புள்ள தமிழ்நிலாவுக்கு,

பதினொன்று. படித்ததும் கோபம் வந்தது. அப்புறம் நோட்டை எடுத்து நானே எண்ணினேன். நீ சொன்ன அந்த இரண்டு ஐப்பசியும் எனக்கு நன்றாக ஞாபகம் வந்தது. பெட்டி இல்லாத ரேக்கைப் பார்த்துக்கொண்டு, சாமியைக் கும்பிட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். வெளியே யாரிடமும் சொல்லவில்லை. 'இல்லை' என்று சொல்லாத பேர் வாங்கினவள் அல்லவா. நான் அன்றைக்கே ஒரு சீட்டு எழுதிப் போட்டிருந்தால் பதினொன்று எப்போதோ வந்திருக்கும். உன் அப்பாவின் விரலில் ஒன்று உன் கணக்கு, ஒன்று என் கணக்கு. இதற்கு மேல் நாம் இரண்டு பேரும் இதைப் பங்கு போட வேண்டாம்.

செந்தாமரைக்குச் சேதி சொன்னேன். "பாரம் எத்தன பக்கம்?" என்று மட்டும் கேட்டாள். ஒரு பக்கம் என்றேன். "அப்ப சரி" என்றாள். அன்றைக்குக் காபி இறங்கியது.

நேற்று லாரி வந்து ஒன்பது பெட்டி இறக்கியது. செந்தாமரை திருப்பிக் கொடுத்தது ஒன்று, புதிதாக வாங்கி நிரப்பினது ஒன்று, அந்த இரண்டோடு சேர்த்துப் பதினொன்று. ஜெயகணேஷ் போன் செய்து சொன்னான். ரேக்கில் இடம் போதாமல் இரண்டைக் கீழே வைத்திருக்கிறானாம். தரையில் ஈரம் ஏறும், பலகை போடு என்றேன்.

நீ சொன்னபடி படத்தை எடுத்துவிட்டேன். ஆணி மட்டும் இருக்கிறது. உன் அப்பா மூன்று நாளும் சாப்பிடும்போது ஆணியைப் பார்ப்பான், தட்டைப் பார்ப்பான். நேற்று ராத்திரிச் சோறு போடும்போது கேட்டான்.

"எம்மா, புள்ள படம் எங்க?"

"அவதான் எடுக்கச் சொன்னா."

"அவ சொன்னா எடுத்துடுவியா? வூட்ல நான் ஒருத்தன் இருக்கேன்ல? எந்தப் படம் வேணும்னு என்னக் கேக்க மாட்டீங்களா?"

"எந்தப் படம்டா வேணும்?"

சோற்றைப் பிசைந்தான். மூன்று விரலோடு இடது கை மடியில் இருந்தது. "ஷீல்டு இல்லாத படம்" என்றான்.

இதற்கு மேல் நான் என்ன எழுத. ஃப்ரேம் சும்மாதான் இருக்கிறது. பன்னிரண்டு அங்குலம், எட்டு அங்குலம், அளந்து பார்த்துவிட்டேன். ஆபீசில் எடுத்தது வேண்டாம், போனில் அனுப்புவதும் வேண்டாம், அவன் போனில் பார்க்க மாட்டான். ஒரு ஸ்டுடியோவுக்குப் போய், கையில் எதுவும் வைத்துக்கொள்ளாமல், முகம் தெரிகிற மாதிரி புதுப் படம் ஒன்று எடுத்துத் தபாலில் அனுப்பு.

ஆயா
வள்ளியம்மாள்